மே மாதம் கோர்ட் கிடையாது

மக்கா,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது உனக்கு எட்டு வயது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. நாற்பது ஆகாத ஒருவன் மகனுக்குப் புத்திமதி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் உன்னைக் கருங்கலில் உன் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, விமானம் ஏறி கல்ஃபில் இந்தக் கேம்ப்புக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலில் வைத்துச் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பையனிடம் சொல்கிற விஷயமும் இல்லை அது. வளர்ந்தபிறகு நீயாகவே நாலு பேரிடம் விசாரிப்பாய், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. நான் எண்ணெய் ஆலையில் கருவிகளைச் சரிபார்க்கிறவன். அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, அவ்வளவுதான் என் எழுத்து. நாலு வரிக்கு மேல் ரிப்போர்ட் எழுதினவன் இல்லை. இந்தக் கடிதம் நீளும். பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு உன் அம்மா வழியில் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதை மற்றவர்களும் வாசிக்கக் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது வீட்டில் சரியில்லை என்றால் என்னிடம்தான் வருவார்கள். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டே, "அண்ணே, ஒரு டைவர்ஸுக்கு எவ்வளவு நாளாகும்ணே?" என்பார்கள், ஏசி ரிப்பேருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல. நானும் அதே மாதிரிதான் பதில் சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் முதலில் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லிக் கேட்டால் சாமிக்குக்கூடத் தெரியாது. சரியான பதில்தான். "உங்களுக்கு ஏம்ணே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு?" என்று எவனாவது கேட்டால் மட்டும், "கோர்ட்டு அப்பிடிடே" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவேன். அது பொய். கோர்ட் அப்படி இல்லை. நான் அப்படி.

உன் அம்மாவும் நானும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்குப் பெரிய காரணம் எதையும் தேடாதே. நான் பூதப்பாண்டிக்காரன். அவள் கருங்கலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். நான் இங்கே இருந்துகொண்டு, அவள் பூதப்பாண்டியில் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. ஆலையில் நான் ஒன்று சொன்னால் அடுத்த நிமிஷம் நடந்தாக வேண்டும். அதே பழக்கத்தில் உன் அம்மாவிடமும் பேசினேன். போனை எடுக்கத் தாமதமானால் விடாமல் திரும்பத் திரும்ப அடிப்பேன். எடுத்ததும் கேட்கிற முதல் வார்த்தை சாப்பிட்டாயா என்றிருக்காது, "எதுக்கு எடுக்கல்ல?" என்றுதான் இருக்கும்.

உனக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா எடுத்தாள். "பிள்ளைக்கு கஞ்சி எறக்கிட்டு நிக்கேன். பொறவு கூப்பிடுதேன்" என்றாள். "பொறவெல்லாம் இல்ல. கேட்டதுக்கு இப்பம் பதில் சொல்லு" என்றேன். "நீங்க கேட்டது வேலைக்குப் போறதப் பத்தித்தானே, அது ஒரு நிமிஷத்துல சொல்லுத காரியமா?" என்றாள். நான் கத்தினேன். அவளும் பதிலுக்குக் கத்தினாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கத்தியிருக்கிறாள், உனக்குக் கேட்கக் கூடாது என்று. அந்த நேரம் நீ கஞ்சிப் பானையைப் பிடித்து இழுத்தாய். போனில் உன் அலறலை நான் கேட்டேன். உன் இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போகிறதே ஒரு தழும்பு, அது அப்படி வந்தது. என் கையில் போன் இருந்தது. அதை நான் காதிலிருந்து எடுக்கவே இல்லை. முழுவதையும் கேட்டேன்.

புண் ஆறியதும் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு கருங்கலுக்குப் போய்விட்டாள். நான் அவசர லீவில் வந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று நினைத்துவிடாதே, கணக்கை முடிக்க வந்தேன். அவள் வீட்டு வாசலில் நின்று, "ஒனக்கு என்கூட இருக்க இஷ்டம் உண்டா இல்லையா? ஒரு வார்த்த சொல்லு" என்றேன். நீ அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா குரலை உயர்த்தவில்லை. "நீங்க எங்க கையெழுத்து போடச் சொன்னாலும் நான் போடுதேன். பிள்ளைக்க முன்னால சண்ட மட்டும் வேண்டாம்" என்றாள். இப்போது எழுதும்போது அந்த வாசல் அப்படியே கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்டு நான் திரும்பியிருந்தால், உன் பால் பற்கள் விழ ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் நிதானமாக, "கூட்டு மனுன்னா ஒரு வருஷம் பிரிஞ்சி இருக்கணும் தம்பி. பொறவு ஆறு மாசம். ஆக மொத்தம் ஒண்ணர வருஷம் பிடிக்கும்" என்றார். "ஒண்ணர வருஷமா? அதுக்குள்ள நாங்க ரெண்டு பிளான்ட்டக் கழட்டி மாட்டிருவோம் சாரே. வேற வழி கெடையாதா?" என்றேன். "எதிர்த்துப் போடலாம். அந்தப் பிள்ள கோர்ட்டுக்கு வராம இருந்திட்டுன்னா ஒருதலையாத் தீர்ப்பு கெடைக்கும். சீக்கிரம் முடிஞ்சிரும்." "வந்திட்டுன்னா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்தா பொறவு நானும் நீரும் நெறைய வாட்டி பாத்துக்கிடுவோம்." அவள் வரமாட்டாள் என்று நான் நம்பினேன். சண்டை வேண்டாம் என்று சொன்னவள்தானே, ஒதுங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளுடைய நல்ல குணத்தை எனக்கு வசதியான குறுக்கு வழியாக நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எதிர்த்துப் போடுவதென்றால் ஏதாவது குற்றம் சொல்ல வேண்டும். சும்மா பிடிக்கவில்லை என்றால் கோர்ட் ஒப்புக்கொள்ளாது. வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிள்ளையைக் கவனிக்காத தாய், அடுப்படியில் குழந்தையை விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள், குழந்தை வெந்துபோயிற்று என்று சொன்னேன். வக்கீல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை இது, மக்கா. நானாகச் சொன்னது. யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கருவி பூஜ்யத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்றால், அதற்குப்பிறகு அது காட்டுகிற ஒவ்வொரு அளவும் தப்பு. அந்தக் கருவியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவோம். என் வழக்கை நான் அப்படித் தள்ளி நின்ற முள்ளோடு ஓட்டினேன்.

உன் அம்மா வந்தாள். முதல் வாய்தாவுக்கே வந்துவிட்டாள். விவாகரத்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பிள்ளையைப் பார்க்காதவள் என்ற பெயரோடு போக முடியாது என்று சொல்ல வந்தாள். கையெழுத்துப் போடத் தயாராக இருந்தவளை நான்தான் வழக்காட வைத்தேன். அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நான் இங்கே வந்துவிட்டேன். எனக்குப் பதிலாகக் கோர்ட்டில் ஆஜராக உன் அத்தையின் வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, பவர் எழுதிக் கொடுத்திருந்தேன். கல்ஃப்காரன் வழக்கு என்றாலே அப்படித்தான், ஊரில் ஒரு அத்தானோ சித்தப்பாவோ வழக்கை நடத்துவார்கள். என் அத்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேட்டி மடிப்புக் கலையாமல் போய்வந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவார். "மாப்ளே, இன்னைக்கும் வாய்தாதான். அவங்க வக்கீலு வந்தாச்சி, நம்ம வக்கீலுக்கு வேற கோர்ட்டுல கேஸு. நான் எதுத்த கடையில ரச வடை தின்னுட்டு வந்திட்டேன். நல்ல வடை கேட்டியா." எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் மனுதாரர் நேரில் வந்து சாட்சி சொன்னால்தான் வழக்கு நகரும் என்று வக்கீல் சொன்னபோது, அந்த மனுதாரர் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. லீவில் வந்து ஒரேயடியாக முடித்துவிடுகிறேன் என்றேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு லீவு என்றால் மே மாதம்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைத்திருக்கும், ஊர்க்கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும், மாம்பழமும் பலாச்சக்கையும் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் மே மாதத்தைத்தான் எழுதிக் கொடுப்பேன். அந்த வருஷமும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் முழுக்கக் கோர்ட்டுக்கு என்று ஒதுக்கி, என்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆலை வேலை மாதிரி திட்டம் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். வக்கீல் ஆபீஸ் பூட்டியிருந்தது. போன் அடித்தேன். பின்னால் பிள்ளைகள் சத்தம். "தம்பி, நான் குடும்பத்தோட மூணாறுல நிக்கேன். மே மாசம் கோர்ட்டு கெடையாதே! சிவில் கோர்ட்டுக்கு மாசம் பூரா லீவுல்லா. நீரு யாருட்ட கேட்டுட்டு வந்தீரு?" நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாய்தா தாமதமானதற்கு அத்தானைத் திட்டியவன், கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை உண்டு என்பதைக்கூட விசாரிக்காமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். அத்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி விடும் மாப்ளே, வந்ததுக்கு கொடையாவது பாத்துட்டுப் போவும்" என்றார்.

கொடைக்குப் போகவில்லை. கருங்கலுக்குப் போனேன். வழக்கு நடக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர் என்று வக்கீல் சொல்லியிருந்தார், ஆனாலும் போனேன். சந்தைக்கு எதிரே ஒரு கடை நிழலில் நின்றேன். லேப் விட்டு வந்த உன் அம்மா உன்னைக் கையில் பிடித்தபடி மரச்சீனிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நீ அரைக்கைச் சட்டை போட்டிருந்தாய். தழும்பு தெரிந்தது. கிழங்கு விற்கிறவள் உன் கையைப் பார்த்து ஏதோ கேட்டாள். உன் அம்மா ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை. "இவனுக்க அப்பன்தான் காரணம்" என்று சொல்லியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். வெகுநாள் கழித்து அவளிடமே கேட்டேன். "எனக்க கவனக்கொறவுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" என்றாள்.

அதன்பிறகு லீவை இரண்டாக உடைத்து, வாய்தா தேதி பார்த்து வர ஆரம்பித்தேன். வாய்தா நாளில் கோர்ட் வளாகத்திலேயே ஒரு மணி நேரம் உன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கிடைத்தது. வராந்தாவின் கடைசியில் ஒரு அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கால் உடைந்த ஒரு மரக்குதிரை. நீ என்னை முதலில் "சார்" என்று கூப்பிட்டாய். கோர்ட்டில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய் போலும். மெதுவாக "அப்பா" வந்தது. முதல் வகுப்பில் டீச்சர் உன் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "கோர்ட்டுல இருக்காரு" என்றாயாம். அவர்கள் நான் வக்கீல் என்று எண்ணி, தங்கள் நிலத் தகராறு ஒன்றைப் பற்றி உன் அம்மாவிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். இதை நீ என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். கேம்ப்பிலும் சொல்லிச் சிரித்தேன். நீ வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒருவழியாக நான் கூண்டில் ஏறிய நாள் வந்தது. உன் அம்மாவின் வக்கீல் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் கேட்டார். "குழந்தை மேல கஞ்சி கொட்டின நேரத்துல என் கட்சிக்காரர் போன்ல பேசிட்டிருந்ததா சொல்றீங்க. யாரோட பேசிட்டிருந்தாங்க?" உன் அம்மா கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள். நான், "ஞாபகம் இல்லை" என்றேன். அவ்வளவுதான், டைப் அடித்துக்கொண்டார்கள். வெளியே வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது உன் அம்மா நின்றாள். "ஒவ்வொரு வால்வுக்க நம்பரும் மனப்பாடமா சொல்லுவீங்களே" என்றாள். நடந்து போய்விட்டாள். அதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

நான் உண்மையைச் சொல்லாததால் அதை அவள் நிரூபிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே நடந்ததை அவள் வாயால் கேட்டு உனக்கு மருந்து போட்ட டாக்டருக்குச் சம்மன் போயிற்று. அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். அவர் வர முடிந்த நாளில் என் வக்கீல் வரவில்லை. வக்கீல் வந்த நாளில் ஜட்ஜ் மாறியிருந்தார். இப்படியே நீ முதல் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாய். பையன்கள் கேட்கிற அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். ஒரு பொய்யை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அதை நாலு பேர் முன்னால் இல்லை என்று ஆக்குவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

புதிதாக வந்த ஜட்ஜ் அம்மா, பையன் யாரோடு இருக்க விரும்புகிறான் என்று அவனிடமே கேட்கிறேன் என்றார். என் வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைட்ட நல்லவிதமாப் பேசி வையும்" என்றார். எனக்குப் புரிந்தது. அடுத்த வாய்தாவுக்கு ரிமோட் கார் ஒன்று வாங்கிக்கொண்டு அந்த அறைக்கு வந்தேன். "மக்கா, ஜட்ஜ் அம்மா கேப்பாங்க. அப்பா கூட இருக்கணும்ணு சொல்லுவியா?" என்றேன். நீ காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, "இஞ்சயா?" என்றாய். எனக்கு விளங்கவில்லை. நீ அறையைச் சுற்றிப் பார்த்தாய். "இஞ்ச கட்டில் இல்லையே அப்பா. ராத்திரி நீங்க எங்க படுப்பிய?" என்று கேட்டாய். நான் இந்தக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன் என்று இவ்வளவு நாளும் நீ நினைத்திருக்கிறாய். பதில் சொல்ல வருவதற்குள் உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ வெளியே வந்தபின் எங்கள் இருவரையும் ஜட்ஜ் அம்மா தன் அறைக்கு அழைத்தார். வக்கீல்கள் வேண்டாம் என்றார். உட்காரச் சொன்னார். "யாரோட இருக்கணும்னு கேட்டேன். அவன் அதுக்குப் பதில் சொல்லல. என்கிட்ட ஒண்ணு கேட்டான். கேஸ முடிச்சிராதீங்க, முடிஞ்சா எங்கப்பா வரமாட்டாருன்னான்." வழக்குக் கட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "இத்தனை வருஷமா இந்த வழக்கு முடியணும்னு நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க. முடியக் கூடாதுன்னு அவன் வர்றான். நான் என்ன ஆர்டர் போடட்டும்?" உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கே தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே சொன்னேன். "அந்த நேரம் போன்ல இருந்தது நான்தான் மேடம். நான்தான் அவள வைக்க விடல்ல."

வெளியே வந்ததும் மனுவில் உள்ள குற்றச்சாட்டை முழுக்க வாபஸ் வாங்கவேண்டும் என்றேன். "இவ்வளவு தூரம் வந்த பொறவா? ஜெயிக்கப்போற நேரத்துல?" என்று வக்கீல் தலையில் கை வைத்தார். "என்னத்த ஜெயிக்க?" என்றேன். வாபஸ் வாங்கினேன். எழுத்தில், என் கையெழுத்தில். பிறகு உன் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம், முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய மனு. பல வருஷம் பிரிந்திருப்பதால் ஆறு மாதக் காத்திருப்பு தேவையில்லை என்று ஜட்ஜ் அம்மா விலக்குக் கொடுத்தார். நீ உன் அம்மாவோடு இருப்பாய் என்று எழுதினோம். நான் உன்னை எப்போது அழைத்துக்கொள்வது என்ற இடம் காலியாக இருந்தது. "ஒங்களுக்கு லீவு எப்பம் கெடைக்கும்?" என்று உன் அம்மா கேட்டாள். "மே மாசம்" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. "மே மாசம் போடுங்க. அப்பம் கோர்ட்டு கெடையாது" என்றாள்.

தீர்ப்பு சொன்ன அன்று வெளியே பைக்கை நிறுத்திவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மக்கா, உனக்கும் என் ரத்தம்தான். பஸ் வரத் தாமதமானால் நீ காலால் மண்ணை எத்துவதைப் பார்த்தேன். அதனால் சொல்கிறேன். சண்டைபோட்டு வாழ், ஒத்துவராமல் பிரிந்தும் போ, அது உன் பாடு. ஆனால் எதிரே நிற்கிறவர் "கையெழுத்துப் போடுகிறேன், சண்டை வேண்டாம்" என்றால், அவர் தோற்றுவிட்டார் என்று எண்ணாதே. அந்த இடத்தில் நின்று கையைக் கூப்பு. எந்தக் காலத்திலாவது அந்தப் பழைய மனு உன் கைக்கு வந்தால், உன் அம்மாவைப்பற்றி அதில் எழுதியிருப்பது எதுவும் உண்மை இல்லை. எழுதச் சொன்னவன் நான்.

இந்த மே மாதம், உன் இரண்டு வயதுக்குப் பிறகு முதல்முறையாக, உன்னைப் பூதப்பாண்டிக்கு அழைத்துப்போனேன். வழி முழுக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வந்தாய். வீட்டு முன்னால் இறங்கினோம். நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன், வழக்கம்போல வேகமாக. திரும்பிப் பார்த்தால் நீ வரவில்லை. கேட்டுக்கு வெளியே, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தாய். "என்னடே, உள்ள வா" என்றேன். "இன்னும் பேரு கூப்பிடல்லியே அப்பா" என்றாய்.

கோர்ட்டில் டவாலி வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவைப் பார்ப்பதென்றால் அப்படித்தான் என்று நீ படித்து வைத்திருந்தாய். அதெல்லாம் இங்கே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவன், படியிறங்கி, வாசலில் நேராக நின்று, தெருவுக்கே கேட்கும்படி உன் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு தடவை. டவாலி மாதிரி மூன்று தடவை கூப்பிட நினைத்தேன். அதற்குள் நீ, "வந்தாச்சி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி வந்துவிட்டாய்.

உன் அப்பா